கொடையா, உரிமையா?

வன்முறைக்குள்ளான பெண்களுக்கு வெளிநாடுகள் வழங்கும் உதவியை ஒரு சாரார் மனிதாபிமானத்தின் உச்சமெனப் போற்றுவர். மறுசாரார் ஏகாதிபத்தியச் சூழ்ச்சியென ஒரே சொல்லில் ஒதுக்குவர். பாதிக்கப்பட்ட பெண்ணின் நிலையில் நின்று நோக்குமிடத்து இவ்விரு கூற்றுகளும் பொறுப்பற்றவையே. கொங்கோ சனநாயகக் குடியரசின் கிழக்குப் பகுதி இதற்குத் தக்க சான்றாகும்.

1999இல் புகாவு நகரில் மருத்துவர் டெனிஸ் முக்வேகே நிறுவிய பான்சி வைத்தியசாலை, பாலியல் வன்முறைக்குள்ளான பல்லாயிரம் பெண்களுக்குச் சிகிச்சை அளித்துள்ளது. சத்திரசிகிச்சை, உளவளத்துணை, சட்ட உதவி, வாழ்வாதாரம் ஆகிய நான்கையும் ஒருங்கே வழங்கும் அதன் முறை வெளிநாட்டு நிதியின் துணையோடு வளர்ந்ததாகும். 2018இல் முக்வேகே நோபல் சமாதானப் பரிசைப் பகிர்ந்து பெற்றார். இத்தகைய உதவியைச் சூழ்ச்சியென ஒதுக்குவோர், அப்பெண்களுக்கு மாற்றாக எதனை வழங்குவர் என்பதையும் கூறுதல் வேண்டும்.

எனினும், உதவியின் கடிவாளம் எவர் கையில் உள்ளது என்பதே அடிப்படை வினாவாகும். வன்புணர்வுக்குள்ளானவருக்கு எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்து 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கப்படல் வேண்டும். 2025 ஜனவரி 20இல் ஐக்கிய அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை மீளாய்வுக்கென 90 நாள்களுக்கு இடைநிறுத்தியது. அம்மாத இறுதியில் எம்23 கிளர்ச்சிப் படை கோமா நகரைக் கைப்பற்றியது. பெப்ரவரியில் புகாவும் வீழ்ந்தது. வன்முறை பெருகிய அதே வேளையில் மிகப் பெரிய கொடையாளி கையை மூடிக்கொண்டது. உயிர்காக்கும் உதவிக்கு விலக்களிக்கப்பட்டதே எனச் சிலர் வாதிடுவர். விலக்குக் கடதாசியில் இருந்தது; விநியோகமோ சீர்குலைந்தது. யூலை 1இல் உதவி முகவரகமான யு.எஸ்.எயிட் தன் பணியையே நிறுத்திக்கொண்டது.

பணம் வந்த காலத்திலும் நிபந்தனைகள் உடன்வந்தன. 1973ஆம் ஆண்டின் ஹெல்ம்ஸ் திருத்தம், குடும்பத்திட்டமிடல் முறையாகக் கருக்கலைப்பு செய்வதற்கு அமெரிக்க உதவி பயன்படலாகாதென விதித்தது. நடைமுறையில், வன்புணர்வால் கருவுற்ற பெண்ணுக்கும் அத்தடை பிரயோகிக்கப்பட்டது. வன்புணர்வின் விளைவான கருவைக் கலைக்க 2003ஆம் ஆண்டின் மாப்புட்டோ உடன்படிக்கை ஆபிரிக்கப் பெண்ணுக்கு உரிமை வழங்க, தொலைதேசச் சட்டமன்றமொன்று அவ்வுரிமைக்குக் குறுக்கே நின்றது.

உதவுவோரின் பொறுப்புக்கூறலோ இன்னும் அவலமானது. 2018–2020 காலத்து எபோலா ஒழிப்புப் பணியின்போது நிகழ்ந்த பாலியல் துஷ்பிரயோகங்களை ஆராய்ந்த சுயாதீன ஆணைக்குழு, 2021இல் 83 சந்தேகநபர்களை இனங்கண்டது. அவருள் 21 பேர் உலக சுகாதார தாபனத்தின் ஊழியராவர்.

போர்க்களத்தில் அரசை எங்கே தேடுவது என வினவுவோர் உளர். வெளியார் வெளியேறிய பின்னும் அங்கே எஞ்சுவோர் உள்ளூர் மருத்துவரும் தாதியருமேயாவர். நிதியும் மருந்துக் கையிருப்பும் முடிவெடுக்கும் அதிகாரமும் அவர்களிடமே நிலைபெறல் வேண்டும். 2006இல் பாலியல் வன்முறைக்கெதிராகச் சட்டமியற்றிய கொங்கோ அரசும் அதற்குரிய செலவைத் தன் வரவுசெலவுத் திட்டத்தில் ஏற்றல் வேண்டும். கொடையாளி விரும்பும்போது நிறுத்தத்தக்கது கொடை. பாதிக்கப்பட்ட பெண் வேண்டி நிற்பது உரிமை.