கைப்பக்குவத்துக்கும் ஒரு கணக்கு வேண்டும்!

பத்திரிகையில் வரும் சமையல் குறிப்பைக் கத்தரித்து, பழைய டைரியில் ஒட்டி வைக்கும் பழக்கம் நம் அம்மாக்களுக்கு இருந்தது. இப்போது டைரிக்குப் பதில் செல்போன். வாட்ஸ்அப்பில் வந்தது, யூடியூபில் பார்த்தது என்று நூற்றுக்கணக்கில் சேர்த்து வைக்கிறோம். ஆனால் திடீரென்று விருந்தாளி வந்து நின்றால், வேண்டியது ஒன்றுகூட கைக்கு அகப்படாது. அதுகூடப் பரவாயில்லை. ஊரார் வீட்டுக் குறிப்பெல்லாம் போனில் இருக்கிறதே, நம் வீட்டுக் குறிப்பு அதில் இருக்கிறதா? யோசித்துப் பாருங்கள் தோழிகளே!

நம் வீட்டுச் சமையல் பெரியவர்களின் கையிலும் கண்ணிலும்தான் இருக்கிறது. "உப்பு எவ்வளவு அத்தை?" என்று கேட்டால், "எப்பவும் போடுறதுதாம்மா" என்பார்கள். என் பெரியம்மா காலமாகி ஆறு வருடம் ஆகிறது. அவர் கிண்டும் உளுந்தங்களியின் பதம் அவரோடேயே போய்விட்டது. நாங்கள் அக்கா தங்கைகள் நாலு பேரும் செய்து பார்த்துவிட்டோம், ஒருத்திக்கும் அது வரவில்லை. எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இனி அந்த ருசி தெரியப் போவதில்லை.

எஸ்.மீனாட்சி அம்மாள் 1951-லேயே 'சமைத்துப் பார்' புத்தகத்தை வெளியிட்டார். பக்கத்தில் நின்று சொல்லித் தர ஆள் இல்லாத பெண்களும் அதைப் பார்த்துச் சமைத்தார்கள். காரணம், அளவு எழுதியிருந்ததுதான். கையில் போனை வைத்துக் கொண்டு நாம் அதைச் செய்யாமல் இருக்கலாமா?

பத்தாம் வகுப்பு வரை படித்த நானே இதைச் செய்கிறேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை. போனில் 'கூகுள் கீப்' என்று ஓர் இலவசக் குறிப்பேடு உண்டு. ஒரு பதார்த்தத்துக்கு ஒரு குறிப்பு. குழம்பு, பலகாரம், பத்தியம், பண்டிகை என்று லேபிள் போட்டுப் பிரித்து விடலாம். பெயரை மட்டும் எப்போதும் ஒரே மாதிரி எழுத வேண்டும். ஒரு நாள் 'வத்தக்குழம்பு' என்றும், மறுநாள் 'வற்றல் குழம்பு' என்றும் எழுதினால், தேடும்போது ஒன்று வரும், இன்னொன்று வராது.

எழுதச் சோம்பலாக இருந்தால் பேசினாலே போதும். கூகுள் கீபோர்டில் தமிழில் பேசி எழுதும் வசதி 2017-லேயே வந்துவிட்டது. மைக் படத்தைத் தொட்டுவிட்டு அத்தையைப் பேசச் சொன்னால் அதுவே எழுதிக் கொள்ளும். நம்ம ஊர்ப் பேச்சில் அது கொஞ்சம் தடுமாறும். பிறகு உட்கார்ந்து திருத்திக் கொள்ள வேண்டியதுதான்.

அளவுக்கு ஒரு வழி சொல்கிறேன். பெரியவர்கள் சமைக்கும்போது குறுக்கே கையை நீட்டினால் அவர்களுக்குக் கோபம் வரும். உப்பு ஜாடியை முதலில் டிஜிட்டல் தராசில் எடை பார்த்து வையுங்கள். சமையல் முடிந்ததும் மறுபடி எடை பாருங்கள். குறைந்தது எவ்வளவோ, அதுதான் அவர்கள் போட்ட உப்பு! மிளகாய்ப் பொடிக்கும் மல்லிப் பொடிக்கும் இதே கணக்குதான். பழைய நோட்டில் 'பலம்' என்று இருந்தால் பக்கத்திலேயே சுமார் 35 கிராம் என்றும், 'ஆழாக்கு' என்று இருந்தால் படியில் எட்டில் ஒரு பங்கு என்றும் எழுதி வையுங்கள். நம் பெண்களுக்கு அந்த அளவெல்லாம் தெரியாது.

அளவு மட்டும் போதாது, காரணமும் வேண்டும். எங்கள் திருநெல்வேலிச் சொதியையே எடுத்துக் கொள்ளுங்கள். 'தேங்காய்ப்பால் ஊற்றவும்' என்று எழுதினால் யாருக்கு என்ன புரியும்? இரண்டாம் பால், மூன்றாம் பாலில் காய் வேக வேண்டும். கெட்டியான முதல் பாலைக் கடைசியில்தான் ஊற்ற வேண்டும், அது கொதித்தால் திரிந்துவிடும். எலுமிச்சம்பழத்தை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே பிழிய வேண்டும். இப்படி எழுதினால்தான் அது குறிப்பு. அதிரசப் பாகின் பதத்தை எழுத்தில் சொல்ல முடியாது. தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிக் காட்டுவதைப் பத்து விநாடி வீடியோ எடுத்து விடுங்கள்.

"போனில் ஏற்றிவிட்டால் கைப்பக்குவம் வந்துவிடுமா?" என்று சிலர் கேட்பார்கள். வராதுதான். பக்குவம் பத்துத் தடவை செய்தால்தான் வரும். ஆனால் செய்து பார்ப்பதற்காவது வழி தெரிய வேண்டாமா?

இன்னொரு விஷயம். இந்தக் குறிப்பேட்டை நம் போனிலேயே பூட்டி வைக்காதீர்கள். கணவர், பிள்ளைகள் என்று எல்லாரோடும் பகிர்ந்து கொள்ளும் வசதி அதில் உண்டு. ஆஸ்டலில் இருக்கும் மகனும் ரசம் வைக்கட்டுமே! நமக்குக் காய்ச்சல் வந்தால் வீட்டுக்காரர் பார்த்துச் செய்யட்டுமே! குறிப்பு எல்லார் கையிலும் இருந்தால், அடுப்படி நமக்கு மட்டும் எழுதி வைத்தது என்ற எண்ணமும் கொஞ்சம் மாறும். போன் தொலைந்தாலும், அதே கணக்கில் வேறு போனில் நுழைந்தால் குறிப்பு கிடைத்துவிடும். பாஸ்வேர்டு மட்டும் நினைவில் இருக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவை பிரிண்ட் எடுத்து பைலில் போட்டு வைப்பதும் நல்லது.

ஒவ்வொரு குறிப்பின் கீழும் சொல்லித் தந்தவர் பெயரையும் எழுதுங்கள். ஆயுசு பூராவும் ஆக்கிப் போட்ட ஆச்சிகளின் பெயர் வேறு எங்கே எழுதியிருக்கிறது? ரேஷன் கார்டில்தான்! நம் பேத்திகள் படிக்கும் ஒரு குறிப்பிலாவது அது இருக்கட்டும்.

நூறு குறிப்பு வேண்டாம், வாரத்துக்கு ஒன்று போதும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே கேட்டு எழுத ஆரம்பியுங்கள். கேட்டால் அவர்களுக்கும் சந்தோஷம்தான். என்ன சொல்றீங்க தோழிகளே?

– ஓர் இல்லத்தரசி, பாளையங்கோட்டை.