பாலம் போட்டால் போதாது

"பால மின்தேக்கி போட்டால் சிப்பில் இடம் மிச்சம், வேலை முடிந்தது" என்கிறார் நண்பர், அனலாக் அளவை எண்ணாக்கும் மாற்றியைப் (ADC) பற்றி. மிச்சம் உண்மைதான். 1975-இல் பெர்க்லியில் பொறியாளர்கள் மெக்ரியரியும் கிரேயும் காட்டிய, ஒவ்வொன்றும் முந்தையதன் இருமடங்கான மின்தேக்கி வரிசைக்கு 10 பிட்டில் 1024 அலகு மின்தேக்கிகள் வேண்டும். அதை ஐந்தைந்து பிட்டாகப் பிரித்துப் பால மின்தேக்கியால் இணைத்தால் சுமார் 64.

ஆனால் அந்தப் பாலம் 32/31 அலகு. அந்தப் பின்னத்தைத் துல்லியமாக வரைவது எப்படி? கீழ் ஐந்து பிட்டு வரிசையில் வேண்டாத மின்தேக்கம் ஒட்டினால் ஒவ்வொரு 32-ஆம் படியிலும் மாற்றியின் அளவேணி பிசகும். மேலும் இடம் மிச்சமாக்க அலகின் பரப்பைக் கால்வாசியாக்கினால் பொருத்தப்பிழை இரட்டிக்கும். அதையும் அவர் சொல்லவில்லை.

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டைக் காற்றிலுள்ள நச்சுவாயுவை அளக்கும் கருவியில் அந்தப் பிசகு பொய்யான எண்ணாக வரும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மின்னணுவியல் படிக்கும் பிள்ளைகளுக்குப் பாதிக் கணக்கைக் கற்பிக்காதீர்கள். அலகுகளை ஒரே மையம் சுற்றிச் சமச்சீராக அடுக்கி, ஒட்டு மின்தேக்கத்தையும் கணக்கிட்ட பிறகே அவர்கள் பரப்பைக் குறைக்கட்டும்.