மீன் மணமா, வயர் மணமா?



இம்மாதம் எமது வீட்டுக் கறண்ட் பெட்டியைப் பற்றிப் பேசுவோம். "அது ஆம்பிளையளின்ர வேலை" என்று எம்மில் பலர் அதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஆனால் கணவரை யுத்தத்தில் இழந்தோ, அவர் காணாமல் ஆக்கப்பட்டோ, தனியாகக் குடும்பத்தைக் கொண்டுநடத்தும் சகோதரிக்கு அந்தப் பெட்டியும் தன்னுடைய பொறுப்புத்தான்.

பள்ளிமுனையில் தையல் வேலை செய்யும் ஒரு சகோதரி என்னிடம் சொன்னார்: "மிஸ், ரெண்டு கிழமையா வீட்டுக்குள்ள மீன் மணக்குது. கருவாட்டுச் சாக்கையும் வெளியில போட்டாச்சு. மணம் போகேல்ல." தைத்த துணிகளை அயன் பண்ணும்போது அந்த மணம் கூடுவதையும் அவரே கவனித்திருந்தார். எலக்ட்ரீஷியன் வந்து மூடியைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது. ஒரு வயர் இறுக்கம் விட்டு, அதன் உறை பழுப்பு நிறமாகி உருகத் தொடங்கியிருந்தது. சுவிட்சுகளிலும் பெட்டிகளிலும் உள்ள சில வகைப் பிளாஸ்ரிக் அளவுக்கு மீறிச் சூடாகும்போது மீன் நாற்றம் போலவே மணக்கும். மீன்பிடிக் கிராமத்தில் அந்த மணத்தை யார் சந்தேகிப்பார்கள்?

"எங்கட வீட்டில ட்ரிப் சுவிட்ச் இருக்குத்தானே, ஆபத்தென்றால் விழும்" என்று பலர் நம்புகிறார்கள். இந்த இடத்தில்தான் நாம் ஏமாறுகிறோம். ட்ரிப் சுவிட்ச், கறண்ட் வெளியே கசிந்தால் விழும். பியூஸும் பிறேக்கரும், அளவுக்கு மேல் கறண்ட் ஓடினால் துண்டிக்கும். இறுக்கம் விட்ட இணைப்பில் கசிவும் இல்லை, கூடுதல் கறண்டும் இல்லை. வழமையான கறண்டே ஒடுங்கிய இடத்தால் நெருக்கிக்கொண்டு போவதால் அந்த இடம் சூடாகிறது. 2000 வாற்றுக் கேத்தல் ஒன்று 230 வோல்ற்றில் சுமார் 9 அம்பியர் இழுக்கும். இணைப்பில் அரை ஓம் தடை ஏற்பட்டாலே அந்த ஒரு ஸ்குரூவில் ஏறக்குறைய 40 வாற்றுச் சூடு பிறக்கும். பழைய 40 வாற்றுக் குண்டு பல்ப் கையைச் சுடும் சூடு அது. சாதாரண வயரின் பிளாஸ்ரிக் உறையோ 70 பாகை செல்சியஸ் வரைக்குமே தாங்கும்படி செய்யப்பட்டது.

சூடாகி ஆறி, சூடாகி ஆறி ஸ்குரூ மேலும் தளரும். எமது கடற்கரையில் உப்புக் காற்றும் ஈரமும் செம்புக் கம்பியில் பச்சை நிறமாகக் களிம்பு பிடிக்கச் செய்யும். ஆகவே எமது ஊரில் இந்தக் கவனம் இன்னும் அதிகமாகத் தேவை.

2017 ஜூன் 14 அன்று லண்டனில் கிரென்பெல் டவர் என்ற அடுக்குமாடிக் கட்டடம் எரிந்து 72 பேர் இறந்தார்கள். ஒரு வீட்டின் குளிர்சாதனப் பெட்டியில் ஏற்பட்ட மின்கோளாறிலிருந்தே தீ தொடங்கியது என்று விசாரணை கூறியது. அதற்குள் ஒரு வயர் இணைப்பு சரியாக இறுகாமல் சூடேறியிருக்கக்கூடும் என்று சாட்சியமளித்த மின் நிபுணர் ஒருவர் தெரிவித்தார். தீயைப் பரப்பியது வெளிச்சுவரில் பொருத்தியிருந்த எரியக்கூடிய தகடுகள். எமது வீடுகளில் கறண்ட் பெட்டிக்குப் பக்கத்திலேயே கிடுகுக் கூரையும் துணி மூட்டையும் இருப்பதை நினைத்துப் பாருங்கள்.

நாம் கவனிக்க வேண்டிய அடையாளங்கள்:

* மீன் நாற்றம் அல்லது பிளாஸ்ரிக் எரியும் மணம். கேத்தல், அயன், பிரிட்ஜ் வேலை செய்யும்போது கூடும்.
* பெட்டியிலோ பிளக்கிலோ பழுப்பு, கறுப்பு நிறம், உருகிய தோற்றம்.
* "சர்" என்ற சத்தம் அல்லது சிறு வெடிச் சத்தம்.
* ஒரு பொருளைப் போட்டதும் லைற் மங்குதல், மினுங்குதல்.
* பிளக்கைக் கழற்றியதும் அதன் கால்கள் கைசுடச் சூடாயிருத்தல்.

இவற்றில் ஒன்று தெரிந்தாலும் பாரமான பொருட்களை நிறுத்துங்கள். மணமோ சத்தமோ பெட்டியிலிருந்து வந்தால், கை உலர்ந்திருக்க, காலில் செருப்புடன் மெயின் சுவிட்சை ஓஃப் பண்ணுங்கள். பெட்டியில் தீயோ புகையோ தெரிந்தால் கிட்டப் போக வேண்டாம். பிள்ளைகளுடன் வெளியேறுங்கள், தண்ணீர் ஊற்ற வேண்டாம். பெட்டியின் மூடியை நீங்கள் கழற்றவும் வேண்டாம். மெயின் சுவிட்சை ஓஃப் பண்ணினாலும் மீற்றரிலிருந்து அதற்கு வரும் வயரில் கறண்ட் இருந்துகொண்டே இருக்கும். மீற்றரிலும் வெளி வயரிலும் பிழை என்றால் மின்சாரக் கந்தோருக்கு அறிவியுங்கள். அதை எலக்ட்ரீஷியனும் தொடக்கூடாது.

திருத்த வருபவரிடம் என்.வீ.கியூ. சான்றிதழ் உண்டா என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல. அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். கருகிய வயரை அப்படியே மீண்டும் இறுக்குவது திருத்தம் ஆகாது. பளபளப்பான செம்பு தெரியும் வரை வெட்டி எடுக்க வேண்டும். நீளம் போதாவிட்டால் புதிய வயர் போட வேண்டும். ஸ்குரூ இருந்த பகுதி கருகியிருந்தால் அந்தப் பிறேக்கரையோ சுவிட்சையோ மாற்ற வேண்டும். கம்பியின் எல்லா இழைகளும் உள்ளே போய் இறுக வேண்டும். பிளாஸ்ரர் சுற்றி மறைப்பதற்கும், பெரிய பிறேக்கரோ தடித்த பியூஸ் கம்பியோ போடுவதற்கும் சம்மதிக்காதீர்கள். கழற்றிய கருகிய துண்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மற்ற இணைப்புகளையும் இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு அயனை அரை மணித்தியாலம் போட்டு, மணம் வருகிறதா என்று கவனித்த பின் காசைக் கொடுங்கள்.

இந்தச் செலவு சிலருக்கு ஒரு கிழமை உழைப்பாக இருக்கலாம். ஆனால் எமது அலுமாரிகளில் என்ன இருக்கிறது? காணி உறுதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், காணாமல் ஆக்கப்பட்டவரின் ஒரே படம், வருடக்கணக்காகக் கொடுத்த முறைப்பாடுகளின் பிரதிகள். இடம்பெயர்ந்தபோதும் மடியில் கட்டிக் காப்பாற்றியவை. அவற்றை ஒரு தளர்ந்த ஸ்குரூவுக்குக் கொடுக்கலாமா?

அடுத்த மாதர் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். நான்கைந்து வீட்டார் சேர்ந்து ஒரே நாளில் ஒருவரை அழைத்தால் கூலியும் குறையும், தனியாக நிற்கும் சகோதரிக்குத் துணையும் கிடைக்கும். இன்று இரவு அயனைப் போட்டுவிட்டு, ஒருமுறை அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்று மணந்து பாருங்கள்.