வேலையை விட்டு அனுப்ப 7½ கோடி டாலர்!

ஆலையை விட்டு வெளியேற்றப்பட்ட தொழிலாளி கிராஜுவிட்டிக்காகக் கோர்ட்டுப் படி ஏறுகிறான். விவசாயக் கூலிக்கு அதுவும் இல்லை. அமெரிக்காவைப் பாருங்கள், தோழர்களே!

டெக்சாஸ் ஏ அண்டு எம் சர்வகலாசாலை சர்க்கார் ஸ்தாபனம். 2023 நவம்பரில் அது தன் கால்பந்துப் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை டிஸ்மிஸ் செய்தது. அவருக்குத் தர வேண்டிய தொகை 7½ கோடி டாலருக்கு மேல்! 2031 வரை தவணை. அவர் வேறு வேலைக்குப் போனாலும் ஒரு காசு குறையாது. 2021-ல் இந்த ஒப்பந்தத்துக்குச் சம்மதம் தந்தது யார்? கவர்னர் நியமித்த நிர்வாக சபை!

மாணவர் கட்டணத்தில் கைவைக்கவில்லை, விளையாட்டு வருமானமும் நன்கொடையும்தான் என்று சமாதானம் சொல்கிறார்கள். அந்த வருமானம் யாருடைய உழைப்பு என்று கேட்கிறோம். எலும்பு முறிய மோதி விளையாடிய மாணவர்களுக்கு அதில் பங்கு தர 2025 வரை விதியே இடம் தரவில்லை.

அதே டெக்சாஸில் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர்! பணம் இல்லாமல் இல்லை. பங்கிடும் கை யாருடையது என்பதே கேள்வி.