ஊசிக்கு எத்தனை கிராம்?

பெட்டி அழகாகத்தான் இருந்தது. சூட்கேஸ் மாதிரி மூடி, உள்ளே சிவப்பு வெல்வெட், பக்கத்துக்கு ஒன்றாகக் குட்டி ஸ்பீக்கர்கள். கைப்பேசியில் அதன் படத்தைக் காட்டி, "இதையே வாங்கிவிடட்டுமா, மாமா?" என்று கேட்டான் என் மருமான்.

"கூடாது" என்றேன்.

அவனிடம் நல்ல ஆம்ப்ளிபையர் இருக்கிறது. அதற்கேற்ற ஸ்பீக்கர்களும் இருக்கின்றன. இசைத்தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிள் ஒன்றுதான் பாக்கி. என் அம்மா காலமானபோது அவள் அலமாரியிலிருந்த தட்டுகளில் பாதி எனக்கும் பாதி என் அக்காவுக்கும் வந்தன. அக்காவின் பங்குதான் இப்போது அவன் கைக்கு வந்திருக்கிறது. என் பங்கு என்ன ஆயிற்று என்று அவனுக்குத் தெரியாது.

அதே மாதிரிப் பெட்டி ஒன்றை நானும் வாங்கினேன். "எல்லாம் இதற்குள்ளேயே இருக்கிறது சார்" என்றார் கடைக்காரர். இருந்தது, தட்டைக் கெடுக்கும் வித்தையும் சேர்ந்தே இருந்தது! எம்.எஸ். அம்மாவின் சுப்ரபாதம் 1963-ல் எல்.பி. தட்டாக வெளிவந்தது. அம்மா வாங்கி, துணியால் துடைத்துத் துடைத்து வைத்திருந்த பிரதி. தினம் காலையில் அந்தப் பெட்டியில் வைத்தேன். சில மாதங்களில் 'ஸ' வருகிற இடமெல்லாம் காய்ந்த எண்ணெயில் கடுகு போட்டாற்போல் சீறத் தொடங்கியது. அதே பாட்டு இன்று கைப்பேசியிலேயே கிடைக்கிறதே என்பீர்கள். கிடைக்கிறது. அம்மா துடைத்து வைத்த தட்டு கிடைக்காது.

நாவல் எழுதுகிறவனுக்குக் கிராம் கணக்கும் வோல்ட் கணக்கும் எதற்கு என்று கேட்காதீர்கள். பட்டவன் பேசுகிறேன். எல்.பி.யின் பள்ளத்துக்கு இரண்டு சுவர்கள். ஸ்டீரியோத் தட்டில் ஒரு சுவர் இடப்பக்க ஓசையைத் தாங்குகிறது, மற்றது வலப்பக்கத்தை. ஊசி இரண்டையும் உரசிக்கொண்டு ஓடுகிறது. நல்ல காந்தக் கார்ட்ரிஜ் ஏறக்குறைய இரண்டு கிராம் எடையோடு உட்காரும். சூட்கேஸ் ரகத்தில் ஐந்து கிராம், ஆறு கிராம் கூட உண்டு. அது ஊசியா, ஏர்க்காலா? கனத்தைக் குறைக்கத் திருகும் கிடையாது. எதிர் எடையும் கிடையாது. போதாக்குறைக்கு அந்தக் குட்டி ஸ்பீக்கர்களின் அதிர்வு வேறு ஊசியை ஆட்டி வைக்கும்.

எடை குறையக் குறைய நல்லது என்றும் நினைத்துவிடக் கூடாது. இரண்டு கிராம் கேட்கிற ஊசிக்கு ஒரு கிராம் கொடுத்தால், அது துள்ளித் துள்ளிப் பள்ளத்தைக் கொத்தும். செய்தவர்கள் சொன்ன எடையை வைக்க வேண்டும். வைப்பதற்குக் கருவி இடம் தரவேண்டும். தேய்ந்த ஊசியை மாற்றவும் வழி வேண்டும்.

மற்றொரு விஷயம், ஆம்ப்ளிபையரின் பின்புறம். 'ஃபோனோ' என்று எழுதிய துளை அங்கே இருக்கிறதா? தட்டு வெட்டும்போது கனத்த நாதத்தை அடக்கியும் கீச்சு நாதத்தைத் தூக்கியும் வெட்டுகிறார்கள். 1954-ல் இதற்கு ஒரு பொது அளவு வகுத்தார்கள். அதைத் திருப்பிச் சரிசெய்து, ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்கே உள்ள ஊசியின் மின்சாரத்தைப் பெருக்குவது ஃபோனோப் பகுதியின் வேலை. அது இல்லாமல் இணைத்தால் வித்துவான் கொசுவாகிவிடுவார். ஆம்ப்ளிபையரில் இல்லாவிட்டால் தனியாக ஒரு சிறு பெட்டி வாங்கலாம். டர்ன்டேபிளுக்குள்ளேயே வைத்தும் விற்கிறார்கள்.

இனி பெரிய ரசிகர்கள். லட்ச ரூபாய்க்குக் குறைந்ததைத் தொடாதே என்பார்கள். பெல்ட்டா, நேரடி மோட்டாரா என்று விடிய விடிய வாதாடுவார்கள். 1972-ல் டெக்னிக்ஸ் எஸ்.எல்.1200 வந்த நாளாக நடக்கிற சண்டை அது, நடக்கட்டும். முதல் டர்ன்டேபிள் வாங்குகிறவனை அதில் இழுத்துவிட்டு அவன் பயந்துபோய் சூட்கேஸையே தூக்கிக்கொண்டு போகும்படி செய்கிறார்களே, அந்தப் பாவம்தான் என்னால் பொறுக்க முடியாதது.

மருமான் கடைசியில் பகட்டில்லாத கறுப்புக் கருவி ஒன்றை வாங்கினான். ஸ்பீக்கர் இருக்கும் பலகையில் வைக்காமல் தனி மேஜையில் வைத்திருக்கிறான். நகைக்கடைத் தராசு மாதிரி ஒரு சின்னத் தராசில் ஊசியை இறக்கிக் காட்டினான். சரியாக இரண்டு கிராம். அப்புறம் உற்சாகம் தாங்காமல் ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை எடுத்தான். பழைய அரக்குத் தட்டு, 78 சுற்று. கருவியில் அந்த வேகமும் இருந்தது.

அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தத் தட்டின் பள்ளம் எல்.பி.யின் பள்ளத்தைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு அகலம். அதற்கென்று தடித்த ஊசி தனியாக வேண்டும். சொல்லி அனுப்பியிருக்கிறோம். வரும்வரை பிள்ளைவாள் உறையிலேயே இருக்கிறார்.