விசிட்டர் பேட்டர்னுக்கு 16 மதிப்பெண்

'விசிட்டர் டிசைன் பேட்டர்னைத் தகுந்த படத்துடன் விளக்குக.' எம்.இ. செமஸ்டர் தேர்வில் இந்த 16 மதிப்பெண் கேள்விக்கு மூன்று பக்கம் எழுதினேன். ஸ்கேல் வைத்துக் கட்டங்கள், அம்புக்குறிகள், பென்சில் ஷேடிங்கூட உண்டு. நல்ல மதிப்பெண்தான் வந்தது. 'சரிப்பா, இந்த பேட்டர்ன் எதுக்கு?' என்று யாராவது கேட்டிருந்தால் திருதிருவென்று முழித்திருப்பேன். யாரும் கேட்கவில்லை.

முதுநிலைப் படிப்பில் எங்களுக்கு நிரல்மொழிக் கோட்பாடுகள் ஒரு பேப்பர், மென்பொருள் வடிவமைப்பு இன்னொரு பேப்பர். வேறு வேறு ஆசிரியர்கள், வேறு வேறு செமஸ்டர். பாடத்திட்டம் பழசு என்பது என் புகார் அல்ல. அதில் எல்லாமே இருந்தது. இரண்டு பேப்பரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன என்பதை மட்டும் சொல்ல ஆளில்லை.

ஒரு கடைக்கு பில்லிங் மென்பொருள் எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரொக்கம், கார்டு, யுபிஐ என்று பணம் மூன்று வகை. வசூலிப்பது, ரசீது அடிப்பது என்று வேலை இரண்டு. ஜாவா பாணியில் வகைக்கு ஒரு கிளாஸ், வேலைகள் அதற்குள்ளே. நாளைக்கு கிஃப்ட் கார்டு வந்தால் ஒரு புது கிளாஸ் எழுதினால் போதும், பழைய நிரலைத் தொட வேண்டாம். ஆனால் கடைக்காரர் 'தம்பி, ரீஃபண்ட் வேணுமே' என்றால் எல்லா கிளாஸையும் திறந்து கை வைக்க வேண்டும். ஹாஸ்கெல், ஓகேமல் பாணியில் இது அப்படியே தலைகீழ். வேலைக்கு ஒரு ஃபங்ஷன். ரீஃபண்ட் சேர்ப்பது சுலபம், கிஃப்ட் கார்டு வந்தால்தான் எல்லா ஃபங்ஷனையும் திறக்க வேண்டும். பழைய நிரலையும் தொடாமல், கம்பைலரின் டைப் சோதனையையும் விட்டுக்கொடுக்காமல், இரண்டு பக்கமும் வளர முடியுமா? இந்தச் சிக்கலுக்கு 1998இல் ஃபிலிப் வாட்லர் 'எக்ஸ்பிரஷன் ப்ராப்ளம்' என்று பெயர் வைத்தார்.

விசிட்டர் என்பது முதல் பாணியில் இருந்துகொண்டே இரண்டாம் பாணியின் வசதியைக் கடன் வாங்கும் ஏற்பாடு. வட்டியும் உண்டு: அதற்கப்புறம் புது வகை சேர்ப்பது கஷ்டமாகிவிடும். நான் ஸ்கேல் வைத்து வரைந்த அம்புக்குறிகள் எல்லாம் அந்தக் கடன் பத்திரம்தான். கரும்பலகையில் அரை மணி நேரத்தில் சொல்லிவிடக்கூடிய விஷயம் இது. எனக்குப் புரிய, வேலைக்குச் சேர்ந்து ஆறு வருடம் ஆனது. அதுவும் தற்செயலாக ஓகேமல் பழகப் போனதால்.

டிசைன் பேட்டர்ன் புத்தகம் வந்தது 1994இல். அதில் உள்ளவை 23. இரண்டே வருடத்தில், 1996இல், பீட்டர் நார்விக் அவற்றை லிஸ்ப், டிலன் மொழிகளின் பக்கம் நின்று பார்த்தார். 16 பேட்டர்ன்கள் அங்கே காணாமலே போகின்றன, அல்லது மிக எளிதாகிவிடுகின்றன என்று காட்டினார். விசிட்டரும் அந்த 16இல் ஒன்று. அதாவது, வடிவமைப்பு ஞானம் என்று நாங்கள் ஒப்பித்ததில் பெரும்பகுதி ஒரு மொழியில் இல்லாத வசதிக்குப் போட்ட ஒட்டு. ஒட்டுப் போடுவது தப்பில்லை, நானும் தினமும் போடுகிறேன். கிழிசல் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் ஒட்டை மட்டும் படம் வரைவதைத்தான் படிப்பு என்று ஒப்புக்கொள்ள முடியவில்லை.

இதனால் என்ன நஷ்டம்? அலோன்சோ சர்ச் 1930களில் எழுதிய லாம்டா 2014இல் ஜாவா 8இல் வந்தபோது, அலுவலகத்தில் அதைப் 'புதிய வசதி' என்று ஸ்லைடு போட்டு விளக்கினார்கள். நானும் கைதட்டினேன். எம்எல் குடும்ப மொழிகளில் 1980களிலேயே இருந்த பேட்டர்ன் மேட்சிங் 2023இல் ஜாவா 21இன் சுவிட்சில் முழுமையாக வந்தது. அதற்கும் ஸ்லைடு. (டிசைன் பேட்டர்னுக்கும் இதற்கும் பெயரில் மட்டும்தான் ஒற்றுமை.) முதுநிலைப் பட்டம் வாங்கியவர்கள் கருத்துகளை வாடிக்கையாளர்களாகவே சந்திக்கிறோம், கடைக்கு வந்த பிறகு.

'இதெல்லாம் வேலைக்கு உதவாது சார்' என்பவர்களிடம் ஒரு கேள்வி. பில்லிங்கில் எது அடிக்கடி மாறும், பண வகையா, வேலையா? இதை முடிவு செய்யாமல் ஒரு வரி எழுத முடியுமா? டேவிட் பார்னஸ் 1972இலேயே, ஒரு நிரலை எப்படிப் பிரிப்பது என்ற சின்னக் கட்டுரையில், செயல்படும் வரிசைப்படி பிரிக்காதே, மாறக்கூடிய முடிவுகளை ஒவ்வொரு மாட்யூலுக்குள்ளும் ஒளித்து வை என்றார். நிரலை ஏஐ எழுதிக் கொடுத்தாலும் அந்த முடிவு சரியா என்று பார்க்க ஒரு மனிதர் உட்கார வேண்டியிருக்கிறது. 'மோனாட் தெரியாதவன் புரோகிராமரே இல்லை' என்று மேட்டிமை காட்டும் கூட்டத்தோடும் எனக்கு உறவில்லை. அவர்களும் மனப்பாடக்காரர்கள்தான், புத்தகம் மட்டும் வேறு.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. எம்.இ. இரண்டு வருடம். அதில் ஒரு செமஸ்டர் முழுக்க, ஒவ்வொரு மாணவரும் தன் கையால் ஒரு குட்டி மொழிக்கு இன்டர்பிரெட்டர் எழுதட்டும். ஏபல்சனும் சஸ்மனும் 1985இல் வெளியிட்ட புத்தகத்தின் நான்காம் அத்தியாயம் அதைத்தான் செய்ய வைக்கிறது. எம்ஐடியில் அது ஒரு காலத்தில் அறிமுகப் பாடத்துக்கான புத்தகமாக இருந்தது. மாறிகளின் ஸ்கோப் என்றால் என்ன என்பதை வரையறையாக எழுதுவது வேறு. தன் இன்டர்பிரெட்டரில் ஒரு ஃபங்ஷன் தப்பான மாறியை எடுத்துவந்து நிற்கும்போது, ராத்திரி ரெண்டு மணிக்கு அதைத் துரத்திக்கொண்டு போவது வேறு. பிற்பாடு எந்தப் புது மொழி வந்தாலும் அந்த ராத்திரி கைகொடுக்கும்.

போன மாதம் சித்தப்பா மகள் வாட்ஸ்அப்பில் கேட்டாள். எம்.இ. படிக்கிறாள். 'அண்ணா, விசிட்டர் பேட்டர்ன் டயகிராம் இருந்தா அனுப்புங்களேன், நாளைக்கு எக்ஸாம்.' இப்போது 13 மதிப்பெண்ணாம். எக்ஸ்பிரஷன் ப்ராப்ளம் பற்றிப் பெரிதாக ஒரு செய்தி தட்டச்சத் தொடங்கினேன், மணி இரவு பதினொன்று. அழித்துவிட்டு, படத்தை அனுப்பினேன்.