குறியீடு, படிமம், இன்ன பிற

ஒரு கதையைப் பற்றி நாலு பேர் பேச ஆரம்பித்தால் ஐந்தாவது நிமிடத்தில் யாராவது ஒருவர் "இது ஒரு குறியீடு" என்று சொல்லிவிடுவார். அதோடு பேச்சு முடிந்துவிடும். எதற்குக் குறியீடு, கதையில் எந்த இடத்தில் அது அப்படி ஆகிறது என்று கேட்டால் நாம்தான் விவரம் தெரியாதவர் :-)

இதற்கு விதை பள்ளிக்கூடத்தில் போடப்பட்டது என்பது என் கட்சி. தற்குறிப்பேற்ற அணி நினைவிருக்கிறதா? மதுரைக் கோட்டைக் கொடி காற்றில் அசைகிறது. அது கோவலனையும் கண்ணகியையும் 'வராதீர்கள்' என்று கைகாட்டுவதாக இளங்கோ சொல்கிறார். இலக்கணம், எடுத்துக்காட்டு, பொருத்தம் என்று எழுதினால் முழு மதிப்பெண். அந்தக் கொடி சொல்வது நமக்குக் கேட்கிறது, அவர்கள் இருவருக்கும் கேட்கவில்லை. வலியே அங்கேதான் இருக்கிறது என்று எழுதினால் மதிப்பெண் கிடையாது. படிக்கிறவனுக்குத் தெரிந்தது பாத்திரத்துக்குத் தெரியாமல் இருப்பதற்கு நாடக முரண் என்று ஒரு பெயர் உண்டு. பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அந்த வலி தெரிந்தால் போதும்.

பேரேட்டில் தலைப்பை மட்டும் எழுதிவிட்டுத் தொகையை எழுதாமல் விட்டால் எங்கள் வணிகவியல் வாத்தியார் சும்மா விடமாட்டார். கதைகளைப் பற்றிப் பேசும்போது மட்டும் தலைப்பே போதும் என்று விட்டுவிடுகிறோம்.

அசோகமித்திரனின் 'தண்ணீர்' (1973) நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் என்றால் அன்பு, வாழ்க்கை, இன்ன பிற என்பார்கள். இருக்கட்டும். ஆனால் அந்த நாவலில் தண்ணீர் முதலில் தண்ணீர்தான். சென்னையில் குழாயில் வராத, குடம் தூக்கி அலைய வேண்டிய தண்ணீர். ஜமுனாவுக்கு இன்று ஒரு குடமாவது கிடைக்குமா என்ற கவலை நமக்கும் வந்த பிறகுதான் அதற்கு மேல் வேறு அர்த்தம் ஏறும். குடத்தைத் தாண்டி நேராகத் தத்துவத்துக்குத் தாவுகிறவரை நான் நம்புவதில்லை.

முரண்நகைக்குப் புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' ஒன்றே போதும். தலைப்பில் பொன், உள்ளே முக்கால் ரூபாய். இதற்கு விளக்கம் வேறு வேண்டுமா?

இந்தச் சொற்களிலேயே உண்மையில் அவசியமானது, யாரும் அதிகம் பேசாத ஒன்று: கதைசொல்லி. இதை யார் சொல்கிறார்கள், யார் காதில் விழுகிறது என்ற கேள்வி. இது தெரியாமல் போனால் வெறும் மதிப்பெண் நஷ்டம் இல்லை, எழுத்தாளனுக்கே அடி விழும்.

ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' 1966-ல் ஆனந்த விகடனில் வந்தது. மழையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கல்லூரிப் பெண், முன்பின் தெரியாத ஒருவனின் காரில் ஏறுகிறாள். அவன் அத்துமீறிவிடுகிறான். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்கிறாள். அம்மா முதலில் அடிக்கிறாள், பிறகு மகள் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அவ்வளவுதான், வாசகர்கள் கொதித்துவிட்டார்கள். ஜெயகாந்தன் எப்படி இதைச் சரி என்று சொல்லலாம் என்று ஒரே சண்டை. சொன்னது அம்மா ஐயா! ஜே.கே. அம்மாவின் கட்சிதான் என்றே வைத்துக்கொள்வோம். ஆனாலும் ஒரு தீர்ப்பை எழுத்தாளர் மேடையில் சொல்வது வேறு, பயந்துபோன ஒரு தாய் வீட்டுக்குள் யாருக்கும் தெரியாமல் சொல்வது வேறு. தலைப்பைப் பாருங்கள். சீதை தீயில் இறங்கியது ஊர் பார்க்க. இங்கே தீயும் இல்லை, பார்க்க ஊரும் இல்லை. தண்ணீரையே நெருப்பு என்று நினைத்துக்கொள்ளச் சொல்கிறாள் அம்மா. முரண்நகை, குறியீடு எல்லாம் இந்த ஒரு இடத்தில் தாமாகவே வந்து நிற்கின்றன, கதைசொல்லியைக் கவனித்தால்.

ஜே.கே. அந்தச் சண்டைக்குப் பதிலாகக் கட்டுரை எழுதியிருக்கலாம். 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்று ஒரு நாவலையே எழுதினார்; 1972-ல் அதற்கு சாகித்திய அகாதெமி விருதும் கிடைத்தது. அதே மழை, அதே கார். ஒரே ஒரு மாற்றம்: இந்த அம்மா கத்திவிடுகிறாள், விஷயம் அண்ணனுக்கும் ஊருக்கும் தெரிந்துவிடுகிறது. கங்காவின் வாழ்க்கை முழுக்க அந்தக் கத்தலிலிருந்து மாறிப்போகிறது. போதாததற்குப் பழைய சிறுகதையே நாவலுக்குள் ஒரு பத்திரிகைக் கதையாக வருகிறது. கங்கா அதைப் படிக்கிறாள்! கதைக்குள் கதை என்ற உத்தி என்று தேர்வில் ஒரு வரி எழுதலாம். ஆனால் தனக்குக் கிடைக்காத அம்மாவை ஒருத்தி அச்சில் பார்க்கிறாள் என்பது எந்த வரையறையில் அடங்கும்?

நாவலைப் படிக்கப்போகிறவர்கள் சிறுகதையை முதலில் படித்துவிடுங்கள். தலைகீழாகப் படித்தால் பாதி போச்சு.